மாடி அறைத் தம்பி: ஈஸ்ட்ஹாம் வீடொன்றில் 18 மாதம்

2025 மார்ச் முதல் வாரம், சனிக்கிழமை இரவு பத்தரை மணி இருக்கும். அக்கா போன் செய்தார். எடுத்ததும் ஒரே மூச்சில், "மேல் அறைப் பெடியனை நாளைக்கே போகச் சொல்லிப்போட்டன். அவன் போகேலாதெண்டு நிக்கிறான். பொலிசுக்கு அடிக்கலாமோ?" என்றார்.

அவர் கணவர் கடை நடத்திய காலத்தில் கணக்கு எழுதிக் கொடுத்த பழக்கம் எனக்கு. அதனால் கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் வந்தாலும் காஸ் பில் கூடினாலும் என் போன் அடிக்கும். அந்த மாடி அறைக்கு ஆள் வைக்கும்போது மட்டும் என்னிடம் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார்கள், சரி என்றேன்.

வீடும் அறையும்

கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில், ஹை ஸ்ட்ரீட் நார்த்திலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு. மேலே மூன்று அறை, கீழே முன்னறை, அதற்குப் பின்னால் சமையலறை. அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், வந்து முப்பது வருடத்துக்கு மேல். கணவர் 2021இல் போய்விட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் வேறு ஊர்களில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் பகுதி நேர வேலை, வருடத்துக்கு 14,000 பவுண்டு சொச்சம் சம்பளம். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. கடன் மிச்சம் இருப்பவர்கள் ஆள் வைக்குமுன் கடன் கொடுத்த வங்கியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். அக்காவுக்கு முதலாவது தேவைப்படவில்லை. இரண்டாவது தேவைப்பட்டது, அதைச் செய்யவில்லை.

ஆள் வைக்கும் எண்ணம் 2022 குளிர்காலத்தில் வந்தது. சாதாரணக் குடும்பத்தின் வருடாந்தர எரிபொருள் பில் 2,500 பவுண்டைத் தாண்டாமல் இருக்க அரசாங்கமே இடையில் புகுந்த வருடம் அது. அடுத்த வருடம் அக்டோபரில் அந்த பில் 2,000க்குக் கீழே இறங்கியது. ஆனாலும் மூன்று அறை வீட்டைத் தனி ஆளாகச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அக்காவுக்கு உறுத்தியது. "ஆருமில்லாத அறைக்கு ஹீற்றர் போட்டு என்ன காண?" என்பார்.

தமிழ்க் கடை ஒன்றின் பலகையில் கையால் எழுதி ஒட்டினார்: "அறை வாடகைக்கு உண்டு. தமிழருக்கு மட்டும். மாணவர் விரும்பத்தக்கது." இப்படிப்பட்ட துண்டுகள் அந்தத் தெருவில் எந்தக் கடைக்குள் போனாலும் கண்ணில் படும், யாருக்கும் தப்பாகத் தெரியாது. ஆனால் 2010ஆம் வருட சமத்துவச் சட்டம் இதில் ஒரு கோடு போட்டிருக்கிறது. நீங்களும் குடியிருந்துகொண்டு சமையலறை, குளியலறையைப் பகிரும் சின்ன வீடு என்றால் பெண்களுக்கு மட்டும் என்று ஆள் தேடலாம். இனம் பார்த்து விலக்குவதற்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. "சைவச் சமையல் மட்டும்" என்று எழுதினால் தொல்லையில்லை, "தமிழருக்கு மட்டும்" என்று எழுதினால் வம்பு. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப வேற பாஷைக்காரரோட நான் என்னெண்டு கதைக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கவலைதான், ஆனாலும் சட்டத்துக்கு அது பதில் ஆகாது.

மூன்றாம் நாள் ஒரு பையன் வந்தான். திருநெல்வேலிப் பக்கம், இருபத்து மூன்று வயது. ஒரு வருட எம்எஸ்சிக்கு வந்திருந்தவன். மாதம் 650 பவுண்டு, எல்லா பில்லும் சேர்த்து. முன்பணமாக இன்னொரு 650. அக்கா கோயில் கலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் "650 + 650 பெற்றேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 2023 அக்டோபர் 1. பதினெட்டு மாதத்தில் அந்த வீட்டில் எழுதப்பட்ட ஒரே ஒப்பந்தம் அதுதான்.

தம்பி என்ற சொல்

அவன் "ஆன்ட்டி" என்றான், அவர் "தம்பி" என்றார். முதல் வாரமே கத்தரிக்காய்க் குழம்பு மாடிக்குப் போனது. என் கணக்கில், பின்னால் வந்த சிக்கல் எல்லாவற்றுக்கும் வேர் இந்த உறவு முறைதான். தம்பி என்று கூப்பிட்ட பிறகு பாஸ்போர்ட்டைக் காட்டு என்று எப்படிக் கேட்பது? ஆன்ட்டி என்று கூப்பிட்ட பிறகு ஒப்பந்தம் எழுதித் தாருங்கள் என்று எப்படிக் கேட்பது? இரண்டு பேருக்கும் கூச்சம்.

மொழியும் தன் பங்குக்கு விளையாடியது. வந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை, கீழேயிருந்து அக்கா குரல் கொடுத்தார்: "தம்பி, கெதியா வெளிக்கிடுங்கோ!" பையன் ஆடிப்போய்விட்டான். என்ன தப்புச் செய்தோம், குளியலறையில் தண்ணீர் சிந்தியதற்கா என்று யோசித்துக்கொண்டே பெட்டியைப் பார்த்திருக்கிறான். மானர் பார்க் முருகன் கோயிலுக்குப் போகத்தான் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தில் வெளிக்கிடுவது என்றால் புறப்படுவது, உடுத்தித் தயாராவது. இதை அவனே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னான். குசினி என்றால் சமையலறை என்று கண்டுபிடிக்க ஒரு நாளானதாம்.

அன்றாட உரசல்களை நீட்டி எழுத வேண்டியதில்லை, எல்லா வீட்டிலும் உள்ளவைதான். தாளிக்கும் போதெல்லாம் புகை எச்சரிக்கை மணி அலறும். கருவாடு வறுத்தால் மாடிவரை மணக்கும், அது அக்காவின் கருவாடு என்பதால் புகார் சொல்லவும் முடியாது. நடு இரவு 12 மணிக்கு அவன் போனில் பேசுவான். குளிர்காலத்தில் லண்டனுக்கும் இந்தியாவுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம், அவன் அம்மா எழுந்து அடுப்பு மூட்டும் நேரம் அது. அக்காவோ காலை ஐந்துக்கு எழுபவர். ஹீட்டிங்தான் பெரிய சண்டை. அவன் 23 டிகிரிக்குத் திருப்புவான், இவர் 18க்கு இறக்குவார். பில் எல்லாம் வாடகைக்குள் என்றால் அளவு என்ன என்பது முதல் நாளே பேச வேண்டிய விஷயம். பேசவில்லை.

ஆனால் நல்லதும் இருந்தது. 2024 ஆகஸ்டில் அக்கா நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய் ஆறு வாரம் இருந்தார். வீட்டுச் சாவி முழுக்க அவனிடம்தான். ஜன்னலோரக் கறிவேப்பிலைச் செடிக்கு மறக்காமல் தண்ணீர் விட்டதை அக்கா இன்றுவரை சொல்வார், சண்டைக்குப் பிறகும்.

சட்டம் இவனை என்னவென்று பார்க்கிறது

இங்கிலாந்தில் வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டிலேயே அறை எடுத்துத் தங்குபவர் லாட்ஜர். வாடகைக் குடியானவருக்கு உள்ள பாதுகாப்பு இவருக்குக் கிடையாது. எது வாடகைக் குடியிருப்பு, எது வெறும் தங்கல் என்பதற்கு 1985இல் பிரபுக்கள் சபை கொடுத்த ஸ்ட்ரீட் எதிர் மவுண்ட்ஃபோர்டு தீர்ப்பைத்தான் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். காகிதத்தில் என்ன பெயர் எழுதினாலும் நடப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் செல்லும் என்றது அந்தத் தீர்ப்பு. மண் கிளற ஐந்து பல் வைத்து ஒன்றைச் செய்துவிட்டு அதை மண்வெட்டி என்று சொன்னால் ஆகிவிடாது, அது ஃபோர்க் என்ற முட்கருவிதான் என்று டெம்பிள்மேன் பிரபு கேலியாகவே எழுதினார்.

நம் விஷயத்துக்கு அதைவிட முக்கியமானது 1977ஆம் வருட வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டம். அதன் 3ஏ பிரிவு சிலரை அந்தப் பாதுகாப்பிலிருந்தே விலக்கி வைக்கிறது. வீட்டுக்காரரின் முதன்மை வீடு அதுவாக இருந்து, அவரும் தங்குபவரும் சமையலறை, குளியலறை போன்ற இடத்தைப் பகிர்ந்துகொண்டால், அந்த ஆளை அனுப்ப நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. படிக்கட்டையும் சாமான் வைக்கும் இடத்தையும் மட்டும் பகிர்வது கணக்கில் வராது. மாடியில் தனிச் சமையலறையும் குளியலறையும் கட்டிக் கொடுத்திருந்தால் கதையே வேறு: குறைந்தது நான்கு வார நோட்டீஸ், அதற்கும் மேலே நீதிமன்றம். அக்கா வீட்டில் எல்லாமே பொது. ஆறு வாரம் யாழ்ப்பாணம் போனாலும் அவருடைய வீடு அதுதான். ஆகவே தம்பி முழுக்க முழுக்க விலக்கப்பட்ட பட்டியலில். 2025இல் வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டமும் இந்த வகை லாட்ஜரைத் தொடவில்லை.

இதைப் படிக்கும் வீட்டுக்காரர்களுக்குச் சந்தோஷமாக இருக்கலாம். எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. சட்டம் இரண்டு பேர் நடுவிலிருந்து விலகி நிற்கிறது என்றால், அங்கே மிஞ்சுவது அவர்கள் பேசி வைத்ததும் எழுதி வைத்ததும்தான். இங்கே மிஞ்சியது ஒரு கலண்டர் தாள்.

இரண்டு வாரத்துக்கு வந்த நண்பன்

2024 பிப்ரவரியில் பையனின் ஊர் நண்பன் ஒருவன் படிக்க வந்து இறங்கினான். இடம் கிடைக்கும்வரை இரண்டு வாரம் என்று அறையின் தரையில் மெத்தை போட்டார்கள். ஜூன் மாதக் கடைசியில்தான் போனான். அக்கா சும்மா விடவில்லை, மாதம் 250 பவுண்டு ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ஐந்து மாதம்.

அந்த ஐந்து மாதமும் வீட்டில் இரண்டு லாட்ஜர். வீட்டுக்காரர் குடும்பத்தோடு இரண்டு பேர்வரை தங்கினால் பல குடும்பக் குடியிருப்பு என்ற வகைக்குள் வீடு போகாது, மூன்றாவது ஆள் வந்தால் போய்விடும். எல்லைக்குள்தான் இருந்தார்கள், ஆனால் எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்து அல்ல.

அதைவிடப் பயமுறுத்தும் விஷயம் வேறு. இங்கிலாந்தில் வீடு கொடுப்பவர் யாராக இருந்தாலும், வாடகைக்கு வருபவருக்கு இந்த நாட்டில் தங்க உரிமை இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். லாட்ஜருக்கும் அதே விதிதான். 2024 பிப்ரவரி 13 முதல் இதில் தவறினால் லாட்ஜர் ஒருவருக்கு 5,000 பவுண்டுவரை அபராதம், மறுமுறை தவறினால் 10,000வரை. அதற்கு முன் முதல் தவறுக்கு வெறும் 80 பவுண்டுதான். அபராதம் ஏறிய அதே மாதம்தான் அக்கா வீட்டில் இரண்டாவது ஆள் தரையில் மெத்தை விரித்தான்.

"கார்ட் பாத்தனானே" என்றார் அக்கா. பார்த்தது பிஆர்பி, அதாவது வெளிநாட்டவருக்கு அரசாங்கம் கொடுத்த தங்கும் உரிமை அட்டை. 2022 ஏப்ரல் 6க்குப் பிறகு அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்ப்பது செல்லாது. தங்க வருபவர் இணையத்தில் ஒரு ஷேர் கோட் எடுத்துத் தர வேண்டும், வாடகைக்கானது ஆர் என்ற எழுத்தில் தொடங்கும். வீட்டுக்காரர் அரசாங்கத் தளத்தில் அந்தக் கோடையும் பிறந்த தேதியையும் போட்டுப் படத்தையும் ஆளையும் ஒப்பிட்டு, அந்தப் பக்கத்தைச் சேமித்து வைக்க வேண்டும். பத்து நிமிட வேலை. விசாவுக்கு முடிவு தேதி இருந்தால் மறுபடி ஒருமுறை: பன்னிரண்டு மாதம், அல்லது விசா முடியும் நாள், எது பிந்தி வருகிறதோ அதற்கு முன். நம் பையன் விஷயத்தில் அது 2025 ஜனவரி.

அபராதம் வரவில்லை. சோதிக்காமல் விட்டதற்கு மட்டும் தண்டனை கிடையாது, சோதிக்காமல் விட்டு உரிமை இல்லாத ஆள் அகப்பட்டால்தான் தண்டனை. இரண்டு பையன்களுக்கும் விசா ஒழுங்காக இருந்தது. அது அவர்களின் நேர்மை, அக்காவின் கவனம் அல்ல.

ஒரு ஓட்டும் ஒரு கடிதமும்

இந்தக் கதையின் மையம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் இருந்தால் கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வரியில் 25 சதவீதம் கழிவு. கணவர் போன பிறகு அக்கா இதை வாங்கிவந்தார், மாதத்துக்கு 31 பவுண்டு அளவில். இரண்டாவது பெரியவர் வந்தால் கழிவு போய்விடும். ஆனால் முழுநேர மாணவர் கவுன்சில் டாக்ஸ் கணக்கில் ஆளாகவே எண்ணப்படமாட்டார். மாணவன் வந்தாலும் கழிவு அப்படியே நிற்கும். கடைப் பலகையில் "மாணவர் விரும்பத்தக்கது" என்று எழுதியதன் ரகசியமும் அதுவே, தோழி ஒருவர் சொல்லிக் கொடுத்ததாம். அதுவரைக்கும் சரியான யோசனை. பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்றிதழை வாங்கிக் கவுன்சிலுக்கு அனுப்பியிருந்தால் இன்னும் சரி.

தோழி சொல்லாமல் விட்டது: மாணவன் ஒருநாள் மாணவனாக இல்லாமல் போவான். ஒரு வருட எம்எஸ்சி 2024 செப்டம்பர் கடைசியில் முடிந்தது. அவன் விசா இன்னும் நான்கு மாதம் ஓடியது, அதற்குள் பட்டதாரி விசாவுக்கு விண்ணப்பித்து வாங்கியும் விட்டான். சேமிப்புக் கிடங்கு ஒன்றில் முழுநேர வேலை. குடிவரவுத் துறைக்கு எல்லாம் ஒழுங்கு. கவுன்சில் டாக்ஸுக்கோ, அக்டோபர் முதல் தேதியிலிருந்து அந்த வீட்டில் எண்ணத்தக்க பெரியவர்கள் இரண்டு பேர். கழிவுக்கான தகுதி போனால் 21 நாளுக்குள் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் 70 பவுண்டு அபராதம் போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அக்காவுக்குப் படிப்பு முடிந்தது தெரியும். கேக் வெட்டியதே அவர் வீட்டு முன்னறையில்தான். அந்தக் கேக்குக்கும் கவுன்சில் டாக்ஸுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்?

கவுன்சிலுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இந்தியக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் இங்கே வசிக்கும்போது பிரிட்டிஷ் பொதுத்தேர்தலிலேயே வாக்களிக்கலாம். பலருக்கு இது தெரியாது. நம் பையனுக்குத் தெரிந்திருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து 2024 ஜூலை 4இல் ஓட்டும் போட்டான், போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினான். தனி ஆள் கழிவு வாங்கும் வீடுகளை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கவுன்சில்களின் வழக்கம். ஒரே முகவரியில் இரண்டு பெயர். 2025 பிப்ரவரி கடைசியில் கடிதம் வந்தது: உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எப்போதிலிருந்து?

அக்கா பயந்துபோய் ஒரு வாரம் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் அக்டோபரிலிருந்து மார்ச்வரை ஆறு மாதம், 186 பவுண்டு. பெரிய தொகை இல்லை. ஆனால் சண்டை தொகையில் இல்லை. "படிப்பு முடிஞ்ச நீங்கள் கவுன்சிலுக்குச் சொல்லியிருக்கவேணும், காசும் நீங்கள்தான் கட்டவேணும்" என்றார் அக்கா. "எல்லா பில்லும் வாடகைக்குள்ளன்னு நீங்கதானே சொன்னீங்க ஆன்ட்டி? கவுன்சில் டாக்ஸ் உங்க பேர்ல வருது, எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் அவன்.

சட்டப்படி அவன் சொன்னதுதான் சரி. குடியிருக்கும் வீட்டுக்காரர் இருக்கும்போது கவுன்சில் டாக்ஸ் பொறுப்பு அவருடையது, லாட்ஜருடையது அல்ல. அறிவிக்கும் கடமையும் கழிவை அனுபவித்தவருக்குத்தான். "எல்லாம் சேர்த்து" என்று வாயால் சொன்னதும் ஒப்பந்தமே. ஆனாலும் அக்காவின் கோபம் எனக்குப் புரிந்தது. கேக்கைச் சாப்பிட்டவன், ஆறு வாரம் வீட்டைப் பார்த்துக்கொண்டவன், இப்போது "உங்க பேர்ல" என்று பிரித்துப் பேசுகிறான். அந்த இடத்தில் தம்பி லாட்ஜர் ஆகிவிட்டான். அடுத்த நிமிடம், "நாளைக்கே போங்கோ."

நோட்டீஸும் முன்பணமும்

இனி அந்தச் சனிக்கிழமை இரவுக்கு வருவோம். போலீசுக்கு அடிக்க வேண்டாம், பூட்டையும் தொட வேண்டாம் என்றேன்.

விலக்கப்பட்டவராக இருந்தாலும் லாட்ஜருக்கு "நியாயமான" நோட்டீஸ் தர வேண்டும். இத்தனை நாள் என்று சட்டத்தில் எண் இல்லை. வாடகை எத்தனை நாளுக்கு ஒருமுறையோ அத்தனை நாள் என்பதே வழக்கமான அளவு: வாரவாடகைக்கு ஒரு வாரம், மாதவாடகைக்கு ஒரு மாதம். எழுத்தில்தான் தர வேண்டும் என்றும் இல்லை, வாயால் சொன்னாலும் செல்லும். அந்த நாள் முடிந்த பிறகு பூட்டை மாற்றலாம், அவன் சாமான்களைப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும். ஆள் உள்ளே இருந்து எதிர்க்கும்போது கதவை உடைத்துக்கொண்டு நுழைவது 1977ஆம் வருடத்தின் இன்னொரு சட்டப்படி குற்றம். போலீசும் இதைப் பெரும்பாலும் சிவில் தகராறு என்றுதான் பார்ப்பார்கள்.

ஞாயிறு மதியம் போய் உட்கார்ந்தேன். மூன்று பேரும் குசினி மேசையில். மார்ச் வாடகை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. மார்ச் 31 கடைசி நாள் என்று ஒரு தாளில் எழுதினோம். ஒரு மாதத்துக்குச் சில நாள் குறைவு. வேலை மாறி ரெடிங் பக்கம் போகும் எண்ணம் அவனுக்கு ஏற்கெனவே இருந்ததால் ஒத்துக்கொண்டான், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். 18 மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக ஒழுங்கான ஒரு காகிதம், அதுவும் பிரிவதற்கு.

அப்புறம் முன்பணம். வாடகைக் குடியானவரின் முன்பணத்தை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட வேண்டும், லாட்ஜர் முன்பணத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அக்காவிடம் 650 பத்திரமாகவே இருந்தது. மேசைக்குக் கீழே கம்பளத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு ஒன்று, அதற்கு 80 பவுண்டு கழிப்பேன் என்றார். தான் வரும்போதே அது இருந்தது என்றான் அவன். வரும் நாளில் அறையைப் படம் எடுத்துப் பட்டியல் போட்டு வைக்கவில்லை, யாரை நம்புவது?

பையன் போனை எடுத்து மேலே மேலே தள்ளினான். 2023 அக்டோபர் 1, இரவு. அம்மாவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் வீடியோ. "இதாம்மா என் ரூம், இது ஜன்னல், இது பீரோ, கீழ பாரு கார்ப்பெட்டெல்லாம் போட்டிருக்காங்க" என்று சுற்றிச் சுற்றிக் காட்டுகிறான். கம்பளம் வரும்போது தழும்பும் தெளிவாக வருகிறது. அக்கா வீடியோவை இரண்டு முறை பார்த்தார். "இது என்ர மகன்ர வேலையாத்தான் இருக்கும்" என்றார், ஸ்கூல் சட்டை தேய்த்த காலத்தில். 650உம் முழுதாகத் திரும்பியது. 186 பவுண்டை அக்காவே கட்டினார். கவுன்சிலுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினோம், பழைய மாதங்களுக்கு மாணவர் சான்றிதழும் சேர்த்து அனுப்பினோம். அபராதம் போடவில்லை.

வரித்துறைக்குச் சொல்ல வேண்டிய கணக்கு

எல்லாம் முடிந்தது என்று எழுந்தபோது, "இந்த வாடகைக்கு வரி ஒண்டும் இல்லைத்தானே?" என்றார் அக்கா. மறுபடி உட்கார்ந்தேன்.

சொந்த வீட்டில் தட்டுமுட்டுச் சாமானோடு அறை கொடுத்தால் வருடத்துக்கு 7,500 பவுண்டுவரை வரி இல்லை. ரென்ட் எ ரூம் என்ற இந்தச் சலுகை 1992இல் வந்தது. நெடுநாள் 4,250ஆக இருந்த தொகையை 2016 ஏப்ரலில் 7,500 ஆக்கினார்கள். ஆறு மாதம் மட்டும் ஆள் இருந்தாலும் தொகை குறையாது. அக்கா நினைத்ததுபோல் ஆளுக்கு 7,500 அல்ல, வீட்டுக்கு மொத்தமாகத்தான். பில்லுக்கு, சாப்பாட்டுக்கு என்று தனியாக வாங்கினாலும் அதுவும் வரவில் சேரும்.

முதல் வரி வருடம், 2024 ஏப்ரல் 5வரை: பையன் ஆறு மாதம் 3,900, நண்பன் இரண்டு மாதம் 500, மொத்தம் 4,400. தொந்தரவு இல்லை, யாருக்கும் சொல்ல வேண்டியதும் இல்லை. இரண்டாவது வருடம்: பையன் 7,800, நண்பன் மூன்று மாதம் 750, ஆக 8,550. எல்லையை 1,050 தாண்டிவிட்டது. தாண்டினால் வரிப் படிவம் கட்டாயம்.

இரண்டு வழி உண்டு. உண்மைச் செலவைக் கழித்து லாபத்துக்கு வரி கட்டலாம், அல்லது செலவைப் பற்றியே பேசாமல் 7,500ஐக் கழித்து மிச்சத்துக்குக் கட்டலாம். அறையின் பங்குக்குக் காஸ், கரண்ட், தண்ணீர் எல்லாம் சேர்த்து என் கணக்கில் 1,900 தாண்டவில்லை. முதல் வழியில் போனால் 6,650க்கு வரி வரும், பைத்தியக்காரத்தனம். இரண்டாவது வழியில் 1,050க்கு 20 சதவீதம், 210 பவுண்டு. அந்த வழி வேண்டும் என்பதை நாமே படிவத்தில் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும், தானாக வராது. அக்டோபர் 5க்கு முன் பதிவு செய்து, 2026 ஜனவரி 31க்கு முன் அனுப்பியும் முடித்தோம்.

தரையில் மெத்தை போட்ட அந்த நண்பன் இல்லாமல் இருந்தால் வரி வெறும் 60 பவுண்டு. "அவன்ர 250ஐ ஆசைப்பட்டு வாங்கினன்" என்று அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். அவன் கொடுத்த 1,250இல் 150தான் வரிக்குப் போனது, மிச்சம் லாபமே என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை.

அடுத்த ஆள்

மே மாதம் புதிய ஆள் வந்தார். கேரளாவிலிருந்து வந்த நர்ஸ், பெண். கடைப் பலகைத் துண்டில் இந்த முறை "பெண்களுக்கு மட்டும், சைவச் சமையல்" என்று மட்டும் இருந்தது. பாஷைப் பிரச்சினை அக்கா பயந்த அளவுக்கு இல்லை, இரண்டு பேரும் தமிழும் மலையாளமும் கலந்து சமாளிக்கிறார்கள். வந்த அன்றே ஷேர் கோட் வாங்கி நானே கூட இருந்து பார்த்தேன். காப்பீட்டுக்காரருக்குச் சொன்னாயிற்று. காஸ் பாதுகாப்புப் பதிவு உள்ள ஆளைக் கூப்பிட்டு வருடச் சோதனை செய்து சான்றிதழ் வாங்கியாயிற்று. அறையின் எல்லா மூலையும், தழும்பு உட்பட, போட்டோவில் இருக்கிறது. இரண்டு பக்க ஒப்பந்தத்தில் ஹீட்டிங் 20 டிகிரி, விருந்தினர் மாதத்தில் மூன்று இரவு, நோட்டீஸ் இரு பக்கமும் ஒரு மாதம். நர்ஸ் மாணவர் இல்லை என்பதால் அதே வாரம் கவுன்சிலுக்கு எழுதிக் கழிவை நிறுத்தச் சொன்னோம்.

வாடகையில் மட்டும் எனக்கும் அக்காவுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அந்தத் தெருவில் அதே அளவு அறை 690க்குப் போகிறது. அக்கா 625 போட்டார். பன்னிரண்டால் பெருக்கினால் சரியாக 7,500.

690 வாங்கினால் 8,280 வரும், எல்லைக்கு மேலே 780, அதற்கு வரி 156, மிச்சம் 624 பவுண்டு கையில் நிற்கும், கிட்டத்தட்ட ஒரு மாத வாடகையை வருடாவருடம் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று தாளில் போட்டுக் காட்டினேன். அக்கா தாளைப் பார்க்கவே இல்லை.

"அந்தப் படிவம் அனுப்பின ராத்திரி எனக்கு நித்திரை வரேல்லை. 624 பவுணுக்கு நித்திரையை விக்கேலாது. நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றார்.